நாலு பாக்கெட் மிளகாய்ப்பொடி

போன ஞாயிறு காலை எங்கள் ஹப்சிகுடா வீட்டு டைனிங் டேபிளில் நாலு கிண்ணம். நாலிலும் இட்லி மிளகாய்ப்பொடி... நாலும் வேறு வேறு கம்பெனி பாக்கெட். பக்கத்தில் நல்லெண்ணெய், ஒரு தட்டில் ஆறு இட்லி, என் ஆபீஸ் நோட்டு. ஐந்தாவது பாக்கெட்டும் வாங்கியிருந்தேன். அதில் பூண்டு என்று போட்டிருந்ததால், பிரிக்காமலே பால்கனிக்கு அனுப்பிவிட்டேன்.

எதற்கு இத்தனை ஏற்பாடு என்கிறீர்களா?

என் மனைவி கல்பனாவுக்கு இது மூன்றாவது மாதம். மூன்று வாரமாக எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. கடைசியில் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். "இந்த வாரமும் எடை குறைஞ்சா அட்மிட் பண்ணி டிரிப்ஸ் ஏத்த வேண்டியதுதான்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எனக்கு ரொம்பப் பயமாகிவிட்டது.

அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று — இட்லிக்கு மிளகாய்ப்பொடி. அவள் அரைத்து வைத்தது தீர்ந்துவிட்டது. வறுக்கிற வாசனை பட்டாலே இப்போது குமட்டல். நான் வறுத்தால்? ஒரு தடவை வறுத்தேன். மாடி வீடு வரைக்கும் இருமல் கேட்டது. கடைப் பொடி என்றாலோ முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவள் பொடிக்குப் பக்கத்தில் வருகிற ஒன்றையாவது கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் இந்தப் போட்டி.

துணை ஜட்ஜ், அன்றைக்கு இருமிய மாடி வீட்டு ரமணி அக்கா. மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர்; தமிழோடு இந்த ஊர் உருதுவும் கலந்துதான் வரும். நானோ சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பவன். சும்மா விடுவேனா? நிறம், வாசனை, காரம், உப்பு என்று கட்டம் போட்டு, விரலால் தொட்டுத் தொட்டு மார்க் போட்டோம்.

"ரெண்டாவதுதான் ஃபர்ஸ்ட்" என்றேன். "அப்படியே கல்பனா பொடி மாதிரியே இருக்கு."

"ஹவ் தம்பி... சேம் டு சேம்" என்று ஆமோதித்தார் அக்கா.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

சுவரைப் பார்த்தே படுத்திருந்தவள், வந்து நின்றாள். "எதுங்க? எது என் பொடி மாதிரி?"

நான் காட்டிய கிண்ணத்தில் அரை இட்லியைப் பிய்த்துத் தொட்டு வாயில் போட்டாள். நோட்டை எட்டிப் பார்த்தாள். "முக்கால்வாசி பொட்டுக்கடலை! இதுக்கு எட்டு மார்க்கா?" அடுத்த கிண்ணம். "எள்ளை வறுக்கவே இல்ல." அதற்கடுத்தது. "இது என்ன, சர்க்கரையா போட்டிருக்கான்?" கடைசியில் இருந்ததற்குக் கலர் மட்டும்தான் இருக்கிறதாம். பிறகு ஒரு சந்தேகம் வந்து மறுபடி எள்ளுக்குப் போனாள். அங்கிருந்து பொட்டுக்கடலைக்கு.

"மெதுவா சாப்..." என்று ஆரம்பித்தேன். அக்கா மேஜைக்கு அடியில் என் காலை ஒரு மிதி மிதித்தார். "பேச நக்கோ" என்றார், உதடு அசையாமல்.

"ஒண்ணுமே தேறல. இதுக்கு டெஸ்ட் வேற!" என்று சொல்லிவிட்டுக் கல்பனா கை கழுவப் போனாள். தட்டில் ஒரு இட்லி கூட மிச்சமில்லை.

ஒரு மணி நேரம் பாத்ரூம் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் அந்தப் பக்கம் போகவே இல்லை. தூங்கிவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காரம் என்று அக்காவிடம் சொன்னேன். அவரும் நம்புகிற மாதிரி தலையாட்டினார்.

மூன்று வாரமாக "சாப்பிடும்மா, சாப்பிடும்மா" என்று கெஞ்சியிருக்கிறேன். அடுத்தவர் சமையலைக் கொஞ்சம் பாராட்டியிருந்தால் போதும்! வீட்டில் சமைக்கிறவர்களைச் சாப்பிட வைக்க இதைவிட நல்ல வழி இருக்கிறதா, தெரியவில்லை.

எப்படியோ... அந்த நாலு கம்பெனிக்காரர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி. உங்களில் ஒருவர் ஒழுங்காகப் பொடி பண்ணியிருந்தால்கூட, அவள் அரை இட்லியோடு எழுந்து போயிருப்பாள்!