பாலம் வழியில் சேராது

ஒரு சாமான் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தால் விதோமிருக்கு மனசு கேட்காது. தொழிற்சாலையில் இருந்த காலத்தில் கூடத்து ஒலிபெருக்கிகள் அவர் பொறுப்பில் இருந்தன. அவற்றை அவர் மேம்படுத்தினார். அதன்பிறகு மேலாளர் தன் அறையிலிருந்து வீட்டுக்குப் பேசும் தொலைபேசிப் பேச்செல்லாம் சாப்பாட்டுக்கூடத்தில் தெளிவாகக் கேட்டது. சாப்பாட்டு அறிவிப்பு மட்டும் யாருக்கும் கேட்கவில்லை. சில வருஷம் கழித்துத் தொழிற்சாலையை மூடினார்கள். அதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று அவர் யாரும் கேட்காமலேயே சொல்வார்.

வேலை போன பிறகு வீட்டுக்குத் திரும்பினார். வீட்டுச் சாமான்களுக்குக் கஷ்டகாலம் ஆரம்பித்தது. அழைப்புமணியை அவர் சீர்செய்ததில், பக்கத்து வீட்டுக்காரர் குளிர்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அது அடித்தது. மனைவி ராடோய்கா வருகிறவர்களைக் கதவைத் தட்டச் சொல்லிவிட்டாள். அவர் ஊரான யாகோதினாவில் இதையெல்லாம் எல்லோரும் மன்னித்தார்கள். விதோமிர் பிளம் பழச் சாராயம் அருமையாகக் காய்ச்சுவார். அதை மட்டும் அவர் மேம்படுத்தியதில்லை.

இப்படி அமைதியாக ஓடிய வாழ்க்கையில், தங்கை லூபிங்காவின் மகன் ராஸ்ட்கோவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. இந்தப் பக்கத்துக் கல்யாணத்தில் தாய்மாமன்தான் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தலைவர். அவர் வண்டி முன்னே போகும், மற்ற வண்டிகள் பின்னே வரும். பெண்ணை அழைத்து வந்து கோயிலில் சேர்ப்பது அவர் பொறுப்பு. சேர்த்துவிட்டால் பூசை முடியும்வரை மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கும் இடம் அவருடையது. வாழ்க்கையில் வேறெந்த வரிசையிலும் விதோமிர் முதலில் நின்றதில்லை. ரொட்டிக்கடையில்கூட.

லூபிங்கா அண்ணனைக் காப்பிக்குக் கூப்பிட்டாள். மகனைப் பற்றிப் பேசினாள், மண்டபத்தைப் பற்றிப் பேசினாள், வெயிலைப் பற்றிக்கூடப் பேசினாள். காப்பி ஆறிய பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணா, கோவிச்சுக்காதே. முன்னாடி போற வண்டிய ட்ராகிஷா ஓட்டட்டும்னு நாங்க நெனைக்கிறோம்."

ட்ராகிஷா அவள் கணவனின் தம்பி. போன மாதம்தான் புது வண்டி வாங்கியிருந்தான். இருக்கையின் பாலித்தீன் உறையை இன்னும் கழற்றவில்லை.

"ஏன், எனக்குக் கைகால் விளங்கலையா?"

"உனக்கு விளங்குது. உன் வண்டியத்தான் சொல்றேன். அவன் வண்டில திரை இருக்கு, வழி சொல்லுது, பாட்டு போடுது. நீ இன்னும் கேசட்டை பென்சிலால சுத்திக்கிட்டிருக்கே."

"திரை தானே? என் வண்டியிலயும் வரும்."

"எங்கேர்ந்து வரும்?"

"வைக்கிறவன் வச்சா வரும்."

லூபிங்கா அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். ஆனாலும் உடன்பிறந்த பாசம், ஒரு மாசம் அவகாசம் கொடுத்தாள். திரை வந்தால் அண்ணன் வண்டி முன்னே; வராவிட்டால் ட்ராகிஷா முன்னே, கோயிலில் மாப்பிள்ளை பக்கத்திலும் அவனே.

உள்ளங்கை அளவுக் கணிப்பொறி ஒன்றைத் தபாலில் வரவழைத்தார் விதோமிர். வெறும் பச்சைப் பலகை, மேலே நாலைந்து சில்லுகள். ராடோய்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதோட மேல்மூடி எங்கே?"

"மூடி எதுக்கு? மூடி வாங்குறவங்க விளையாட்டுக்கு வாங்குறவங்க."

மறுநாள் வண்டியின் முன்பலகையைப் பிரித்தார். கேசட் பெட்டி வெளியே வந்தது. அதன் பின்னால் இருந்த வெந்நீர்க்குழாயும், பெயர் தெரியாத இன்னும் இரண்டு சாமானும் வெளியே வந்தன. கேசட் பெட்டி இருந்த இடத்தில் திரை; அதன் பின்னே கணிப்பொறி; அங்கிருந்து ஒலிபெருக்கிகளுக்கு ஒயர். மின்சாரம், சிகரெட் பற்றவைக்கும் துளையிலிருந்து. திரும்பப் பூட்டும்போது நாலு திருகு மிச்சமாயிற்று. தயாரித்தவர்கள் தாராளமாகப் போட்டுவிட்டார்கள் என்று அவற்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பாட்டு வந்தது. கூடவே கொசு ஒன்றும் வந்தது. எஞ்சின் வேகம் கூடக்கூட ஒலிபெருக்கியில் அதுவும் சுருதி ஏற்றிப் பாடியது. எர்த் ஒயரை எங்கெங்கோ மாற்றிக் கட்டிப் பார்த்தார். கொசு கொஞ்சம் குரலைத் தாழ்த்தியதே தவிர ஊரைவிட்டுப் போகவில்லை. இன்னொரு சின்னச் சங்கடம்: சாவியைத் திருப்பி எஞ்சினைக் கிளப்பும் நொடியில் மின்சாரம் தொய்ந்து கணிப்பொறி அணைந்துவிடும். அதற்கு விதோமிர் கண்ட தீர்வு எளிமையானது. எஞ்சினை அணைக்கவே கூடாது.

"பெட்ரோல்?" என்றாள் ராடோய்கா.

"கல்யாணம் ஒரு நாள்தானே."

கடைசியில் வரைபடம். இங்கேதான் விதோமிர் தன் மேதாவிலாசத்தை முழுசாகக் காட்டினார். பெண் அழைக்கப் போன வழியிலேயே ஊர்வலம் திரும்பக்கூடாது, அது ஆகாது. இது இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். எப்படித் திரும்ப வேண்டும் என்பதும் தெரியும். பெண் வீடு மொராவா ஆற்றுக்கு அக்கரையில். போகும்போது பள்ளிக்கூடப் பக்கமாகப் போவார்கள், வரும்போது ஆலைப் பக்கமாக வருவார்கள். இரண்டும் பாலத்தில் சேரும், பாலத்தை இரண்டு தடவையும் கடப்பார்கள். பாலம் வழியில் சேராது என்று ஊர் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. கடவுளும் இதுவரை ஆட்சேபிக்கவில்லை. ஆனால் விதோமிர் கணிப்பொறிக்கு இட்ட கட்டளை இது: போன தடத்தை நினைவில் வை, திரும்பும்போது அதில் எதையும் தொடாதே. பாலத்தைப் பற்றிச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. கேட்க அதற்கும் தோன்றவில்லை.

கல்யாண நாளன்று கண்ணாடிகளில் பூவேலைத் துண்டும் சட்டைகளில் ரோஸ்மேரிக் கொத்துமாக ஊர்வலம் கிளம்பியது. விதோமிர் முன்னே. இரண்டாவது வண்டியில் மாப்பிள்ளையும் லூபிங்காவும், மூன்றாவதில் ட்ராகிஷா. அதற்குப் பின்னே ஊதுகொம்பு வாசிக்கிறவர்களின் வேன், அப்புறம் ஊரே. கொம்புச் சத்தத்தில் விதோமிரின் பாட்டு அவருக்கே கேட்கவில்லை. கொசு மட்டும் கேட்டது. ஆனாலும் போகிற வழியெல்லாம் திரையிலிருந்த பெண்குரல் சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தது. பிறந்ததிலிருந்து தெரிந்த வழியை ஒரு இயந்திரம் சரியென்று சொல்வதில் அவருக்கு அப்படியொரு திருப்தி.

மணப்பெண் யாஸ்னா வாசலைத் தாண்டினாள். முறைப்படி திரும்பிப் பார்க்காமல் மாப்பிள்ளையின் வண்டியில் ஏறினாள். விதோமிர் 'திரும்பு' பொத்தானை அழுத்தினார். கணிப்பொறி நெடுநேரம் யோசித்தது. பிறகு வலப்பக்கம் திரும்பச் சொன்னது.

"ஆலை இடப்பக்கம்," என்றாள் ராடோய்கா.

"அது வலப்பக்கம்னு சொல்லுது."

"நம்ம ஊரு மேற்கே இருக்கு, மனுஷா. இது கிழக்கே."

"அதுக்குத் தெரியாதா? சுத்தி விடும்."

சுற்றித்தான் விட்டது. தார் முடிந்து சரளை, சரளை முடிந்து புழுதி. இரண்டு பக்கமும் ஆளுயரச் சோளம். பின்னாலிருந்து ட்ராகிஷா தொலைபேசியில் கூப்பிட்டான்.

"மச்சான், எங்கே போறோம்? புல்கேரியாவுக்கா?"

"குறுக்கு வழி."

"எதுக்குக் குறுக்கே?"

விதோமிர் போனை வைத்துவிட்டார். அடுத்த திருப்பத்தில் சோளம் முடிந்தது, சாலையும் முடிந்தது. எதிரே மொராவா. கரையில் ஒரு பழைய இரும்பு மிதவை, இரண்டு வண்டி ஏறும். 'ஆற்றைக் கடக்கவும்,' என்றது பெண்குரல், சாதாரணமாக.

மிதவைக்காரர் சிபின் தர்ப்பூசணி தின்றுகொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"எத்தனை வண்டி?"

"கல்யாணம்," என்றார் விதோமிர்.

"அது எண்ணிக்கை இல்லையே, அண்ணே."

அதற்குள் எல்லோரும் இறங்கி வந்துவிட்டார்கள். லூபிங்காவின் செருப்புக் குதிகால் மணலில் புதைந்திருந்தது. அண்ணனை முறைத்தபடி அதை இழுத்துப் பிடுங்கினாள். வாய்விட்டுத் திட்டியிருந்தால் தேவலை. பாதிரியாருக்கு நமக்கடுத்து இன்னொரு கல்யாணம், காத்திருக்க மாட்டார் என்றான் ராஸ்ட்கோ. ட்ராகிஷா இதற்காகவே பிறந்தவன் போலத் தன் வண்டிக்கு எல்லோரையும் அழைத்துப் போய்த் திரையைக் காட்டினான்.

"பாருங்க, கம்பெனியில வச்சுக் குடுத்தது. வந்தபடியே திரும்பி, ஊருக்குள்ள போய், பாலத்துல ஏறினா கால் மணி நேரம். இனிமே நான் முன்னாடி போறேன்."

லூபிங்கா தலையாட்டப் போனாள். விதோமிர் சட்டைப்பையில் கைவிட்டு அந்தத் திருகுகளை உருட்டிக்கொண்டிருந்தார். அப்போது யாஸ்னா வண்டியிலிருந்தபடியே கேட்டாள்:

"ஊருக்குள்ளன்னா, எங்க வீட்டு வாசல் வழியாவா?"

"ஒரே தெருதானேம்மா," என்றான் ட்ராகிஷா.

"திரும்பிப் பார்க்காம இப்பத்தான் வந்தேன். மறுபடி வாசல்ல போய் நின்னா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்னை வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாங்கன்னு எங்க அத்தை ஒப்பாரி வச்சு என்னை இறக்கிடுவா. நான் அந்த வழியா வரமாட்டேன்."

வந்த தெருவிலேயே, பெண்ணோடு, பெண் வீட்டு வாசலைத் தாண்டி. சொல்லிப் பார்த்ததும் அது ஆகாது என்று ட்ராகிஷாவுக்கே புரிந்தது. அவனுடைய கம்பெனித் திரை 'திரும்பவும், திரும்பவும்' என்று வெட்கமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அவன் கைவிட்டு அதை அணைத்தான்.

"ரெண்டு ரெண்டா ஏத்துங்க. எஞ்சினை அணைங்க," என்றார் சிபின்.

"அணைக்காம வரலாமா?" என்று கேட்டார் விதோமிர்.

"நீந்தி வரலாம்."

அணைத்தார். மிதவை நடு ஆற்றில் போகும்போது ஊதுகொம்புக்காரர்கள் எந்தக் கரையிலிருந்து வாசிப்பது என்று தெரியாமல் பின்கரையிலேயே வாசித்தார்கள். அக்கரையில் ஏறி விதோமிர் சாவியைத் திருப்பினார். திரையில் கறுப்பு, அதில் வெள்ளையாக ஏதோ எழுத்து. பாட்டு, வரைபடம், பெண்குரல் எல்லாம் போய்விட்டது. கொசு மட்டும் வந்தது.

"இப்ப எந்தப் பக்கம்?" என்றாள் ராடோய்கா.

விதோமிருக்குத் தெரியவில்லை. கரையின் இந்தப் பகுதிக்கு அவர் மீன் பிடிக்கக்கூட வந்ததில்லை. மிதவையின் அடுத்த நடையில் ட்ராகிஷா வந்துவிடுவான். வந்தான். இறங்குமுன்பே ஒலிப்பானை அழுத்தினான். ஆனால் அங்கிருந்து ஊருக்குப் போவது கரைமேட்டின் மேல் ஓடும் ஒரே மண்தடம். ஒரு வண்டி அகலம். இரண்டு பக்கமும் சரிவு, அதில் தொட்டால் அரிக்கும் செந்தட்டி, இடுப்பளவு. பாலித்தீன் உறை போட்ட இருக்கையோடு அதில் இறங்கி முந்த ட்ராகிஷாவுக்கு மனம் வரவில்லை. ஆக, தாய்மாமனின் தலைமைக்கு ஒரு குறையும் வரவில்லை. யாராலும் முந்த முடியாத இடத்தில் விதோமிர் கம்பீரமாக முன்னே போனார்.

தடம் பிரிந்த இடத்தில் மிளகாய்ச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் வழி கேட்டார்.

"யாகோதினாவுக்கா? பாலம் இருக்கே, பாலத்துல போகலாமே," என்றாள் அவள்.

"பாலம் வேண்டாம்மா."

அவள் வண்டியைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், பின்னால் புழுதிக்குள் மங்கலாகத் தெரிந்த மணப்பெண்ணைப் பார்த்தாள். மண்வெட்டியால் இடப்பக்கம் காட்டிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

கோயில் வாசலில் அடுத்த கல்யாணக்காரர்கள் ஏற்கெனவே கூடியிருந்தார்கள். பாதிரியார் படியில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, வெள்ளையாகக் கிளம்பிச் சாம்பலாக வந்து சேர்ந்த வண்டிகளைப் பார்த்தார்.

"எங்கே போயிட்டீங்க? எந்த வழியா வந்தீங்க?"

ட்ராகிஷா வாயைத் திறந்தான். லூபிங்கா முந்திக்கொண்டாள். வழியெல்லாம் அண்ணனுக்கென்று அவள் சேர்த்து வைத்திருந்த வசவு வாய்நுனியில்தான் இருந்தது. ஆனால் கேட்டது வெளியாள், அதுவும் இன்னொரு கல்யாணக்காரர்கள் காதுபட.

"போன வழியா வரலை, ஃபாதர். ஒரு அடிகூட."

"பாலம்?"

"பாலத்துலகூட ஏறலை. என் அண்ணன் கூட்டிட்டு வந்தாரு."

பாதிரியார் இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஊர்வலங்களைப் பார்த்தவர்; பாலத்தைக்கூட விட்டுவிட்டு வந்த ஒன்றைப் பார்த்ததில்லை. அடுத்த கல்யாணத்துத் தாய்மாமன், பாலத்தில் வந்தவர், தலையைக் குனிந்துகொண்டார். பாதிரியார் விதோமிரின் கையைப் பிடித்து அழைத்துப் போய் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். ட்ராகிஷா கூட்டத்தோடு பின்னால் நின்று கால்சட்டையில் ஒட்டிய முள்விதைகளைப் பொறுக்கினான்.

பாட்டு ஆரம்பித்ததும் லூபிங்கா அண்ணன் காதருகே குனிந்தாள்.

"இங்கேர்ந்து மண்டபத்துக்கு ட்ராகிஷா முன்னாடி போவான்."

விதோமிர் தலையாட்டினார். மண்டபம் எதிர்வாடையில்தான் இருந்தது.