லிஸ்ஸி சேச்சியை செக்ரட்டரி ஆக்கின கதை

கீழ சுக்கு மூட்டைக் குடோன், மாடியில மைதாப் பசை. கொச்சி மட்டாஞ்சேரியில நான் வேலை பாத்த புஸ்தக ஆபீசுக்குள்ள நுழைஞ்சா முதல்ல தும்மல்தான் வரும்... அப்புறம்தான் மத்த எல்லாம்.

தொண்ணூறுகள்ல நடந்தது இது. சின்ன டிரஸ்ட். லாபம் பாக்காம பிள்ளைங்களுக்குப் புஸ்தகம் போடுவாங்க. மலையாளத்துலயும் உண்டு, எங்க தமிழ்ப் பிள்ளைங்களுக்குத் தமிழ்லயும் உண்டு. அச்சாகி வர்ற பெரிய தாளை, ஃபாரம்னு சொல்லுவோம், ஒரு நீள மேசையில உக்காந்து பக்கம் பக்கமா மடிக்கறது எங்க வேலை. நான், பாத்தும்மா, இன்னும் ரெண்டு மூணு பொம்பளைங்க. அஞ்சாங்கிளாஸ் படிச்ச எனக்கு, புஸ்தகத்தைத் தொட்டு சம்பளம் வாங்கறதே பெருமைதான்.

ஆரம்பத்துலேர்ந்து செக்ரட்டரி எங்க மாஷ்தான், பழைய பள்ளிக்கூட வாத்தியார். அவருக்குக் கண்ணு மங்கிப் போச்சு. வேற ஆள் கிடைக்கலேன்னா வருஷக் கூட்டத்தோட பூட்டிடலாம்னு கமிட்டிக்காரங்க சொல்லிட்டாங்க. பூட்டினா எங்க வேலையும் போச்சு, தமிழ்ப் புஸ்தகமும் போச்சு.

ஆள் இல்லாம இல்ல. ப்ரூஃப் பாக்கற லிஸ்ஸி சேச்சி இருந்தாங்க. ஆனா கேட்டாலே கையெடுத்துக் கும்பிடுவாங்க.

"எனக்கு அதிகாரம் பண்ணத் தெரியாது. என்னை விட்டுடுங்க!"

பாத்தும்மாதான் யோசனை சொன்னா. "மாஷ் இருக்கற வரைக்கும் இவங்க பொறுப்பேக்க மாட்டாங்க. மாஷுக்குக் காய்ச்சல் வரணும்."

நான் போய் மாஷ்கிட்ட சொன்னேன். "நாளைலேர்ந்து உங்களுக்குக் காய்ச்சல், மாஷே. வராதீங்க."

மனுஷன் சின்னப் பிள்ளை மாதிரி சிரிச்சாரு.

மாஷுக்குக் காய்ச்சல்னு சொல்லி மறுநாளே ஆரம்பிச்சிட்டோம். சேச்சி, பசை தீந்து போச்சு, என்ன பண்ண? சேச்சி, அட்டைக்கு எந்த கலர்? சேச்சி, பேப்பர் கடைக்காரர் போன்ல இருக்காரு... பென்சிலைக் காதுல சொருகிக்கிட்டு எல்லாத்துக்கும் டக்டக்குனு பதில். அதிகாரம் பண்ணத் தெரியாதாம்!

ஒரு வாரம் இப்படியே போச்சு. ஒருநாள் சேச்சி கஞ்சி வச்சு எடுத்துக்கிட்டு வந்தாங்க. "பாவம் மாஷ்... வா கனகம், பாத்துட்டு வருவோம்."

தூக்குச்சட்டி என் கையில. மாஷ் வீட்டுல படுத்திருக்கணுமேன்னு வேண்டிக்கிட்டே நடந்தேன். ஜூ டவுன், அதான் யூதத் தெரு, முக்கு திரும்பினோம்... அங்க சாயாக்கடை பெஞ்சுல மாஷ்! ஒரு கையில சாயா, ஒரு கையில பழம்பொரி, நம்ம வாழைப்பழ பஜ்ஜி.

"எந்தா மாஷே... டாக்டர் பழம்பொரியா எழுதிக் குடுத்தாரு?"னு கேட்டாங்க சேச்சி.

மாஷுக்கு வாய் நிறைய பழம்பொரி. சேச்சி என் பக்கம் திரும்பினாங்க. "உனக்கும் தெரியுமில்லே?" நான் கஞ்சியைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

விழுங்கி முடிச்சுட்டு மாஷ் மெதுவாக் கேட்டாரு. "நான் வராததால ஆபீஸ்ல என்ன வேலை நின்னுச்சு, லிஸ்ஸி?"

"ஒண்ணும் நிக்கல."

"பேப்பர் யாரு வாங்கினா? அட்டைக்குக் கலர் யாரு சொன்னா?"

"நான்தான்..." சேச்சியோட கை காதுல சொருகின பென்சிலுக்குப் போச்சு.

சாயாக்கடைச் சேட்டன் எங்க கதையை முழுசாக் கேட்டுக்கிட்டு இருந்திருப்பாரு போல. ஒரு கிளாஸைக் கொண்டாந்து டொக்குனு வச்சாரு. "செக்ரட்டரிக்கு ஒரு ஸ்ட்ராங்!"

சேச்சி சிரிப்பை அடக்கப் பாத்தாங்க, முடியல. அப்புறம் விரலை நீட்டி, "ஆனா மாஷ் வீட்டுல உக்காரக் கூடாது. எங்ககூட மேசையில உக்காந்து ஃபாரம் மடிக்கணும். சம்மதமா?"

வருஷக் கூட்டத்துல லிஸ்ஸி சேச்சி பேரைச் சொன்னதும், சாயா வர்றதுக்கு முன்னாடியே எல்லாக் கையும் மேல போயாச்சு!

அதுக்கப்புறம் மாஷ் தினம் என் பக்கத்துலதான். தடவித் தடவி மடிப்பாரு, கோணல் மாணலா. "மாஷே, மூலையோட மூலை சேரல! பிரிங்க, பிரிங்க!"னு நான் திட்டுவேன். எங்க பழைய செக்ரட்டரி தலையை ஆட்டிக்கிட்டுப் பிரிப்பாரு. புது செக்ரட்டரி அந்தக் கோடியில ப்ரூஃபுக்குள்ள முகத்தை மறைச்சுக்கிட்டு சிரிப்பாங்க.

டிரஸ்ட் இப்பவும் இருக்கு. என் பேத்தி ஸ்கூல்ல படிக்கறது மலையாளம், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிச்சது எங்க புஸ்தகத்துலதான். போன வாரம் ஆபீசைக் காட்ட அவளைக் கூட்டிட்டுப் போனேன். இப்ப அது எறணாகுளத்துல, பெரிய கட்டடம். மடிக்கறதுக்கு மெஷின். என்ன சுத்தம், என்ன வேகம்! நானே வாயைப் பொளந்துக்கிட்டு நின்னேன்.

ஆனா அந்த மெஷின் யாரையும் திட்டறதில்ல... அது ஒண்ணுதான் குறை.