நான் ஓட்டிய காமெடி

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் குன்னம் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் எந்த நேரம் டிவியில் என்ன ஓட வேண்டும் என்று முப்பது வருஷமாக முடிவு செய்தவன் நான்தான். கேபிள் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு கம்பம் கம்பமாக ஏறியவன். இரண்டு முறை கரண்ட் தூக்கி அடித்தது. இரண்டு முறையும் எழுந்து அதே கம்பத்தில் ஏறினேன். இன்று பெரம்பலூரில் எனக்கென்று ஓர் உள்ளூர் சேனல் இருக்கிறது. டிகிரி வாங்கிய மூன்று பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள்.

காதுகுத்து, திருவிழா, துணிக்கடை விளம்பரம், நடுநடுவே காமெடி. இதுதான் சேனல். இடுப்பை ஆட்டிக்கொண்டு ஒருத்தன் வருவான், கதாநாயகன் பளாரென்று அறைவான், சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்த மாதிரித் துண்டுகளைப் படங்களிலிருந்து தனியாக வெட்டி வைத்திருந்தேன். எப்போது போட்டாலும் ஜனம் பார்க்கும். ஜனங்களும் போனில் எடுத்ததை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். மாப்பிள்ளை வழுக்கி விழுந்தது, மாடு முட்டியது என்று. நல்லதாக இருந்தால் இசை சேர்த்து ஓட்டுவோம்.

போன வருஷம் மக்காச்சோளம் அறுத்த சமயத்தில் ஒரு வீடியோ வந்தது. ஏரிக்கரையில் கைகோத்து உட்கார்ந்திருந்த இரண்டு ஆண்களை ஆறேழு பேர் சுற்றி வளைத்து அடிக்கிறார்கள். ஒருவன் கருவேல முள்ளுக்குள் விழுந்து ஓடிவிட்டான். அகப்பட்டவன் முகத்தில் துண்டைப் போட்டுக் கட்டி, சட்டையைக் கிழிக்கிறார்கள். ஒருவன் பைக் சங்கிலியால் முதுகில் வீசுகிறான். இன்னொருவன் முன்னால் வந்து, நான் ஓட்டுகிற காமெடியில் வருகிற வசனத்தை அப்படியே சொல்லி, அதே மாதிரி கையை ஓங்கி அறைகிறான். மற்றவர்கள் சிரிக்கிறார்கள்.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவன் தயங்கினான். "அண்ணே, ரத்தம் தெரியுதுண்ணே. போடணுமா?"

"மூஞ்சி தெரியலல்ல? ரத்தத்த வெட்டிட்டு நம்ம காமெடி மியூசிக்க ஏத்திவுடு. ஒம்போதுங்களுக்கு ஏரிக்கரைல என்னடா வேல?"

நான்கு தடவை ஓடியது. நான்காவது தடவை ஓடும்போது வீட்டிலிருந்து என் மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, டிவிய நிறுத்துங்க. அது நம்ம மவன்."

"ஒளறாத. மூஞ்சியே தெரியல, எப்புடிடி சொல்ற?"

"தோள்பட்டையப் பாருங்க. நீங்க அடிச்ச தழும்பு."

பதினைந்து வயதில் மகன் கண்ணாடி முன்னால் மை தீட்டிக்கொண்டு நின்றான் என்று கேபிள் வயரால் அவனை விளாசியிருந்தேன். சதை பிய்ந்தது. இரண்டு மாதம் அவள்தான் எண்ணெய் போட்டாள். நான் அந்தத் தழும்பை ஒரு நாளும் பார்த்ததில்லை. திரையில்தான் முதல்முறை பார்த்தேன், என் இசையோடு.

விசாரித்ததில் மகன் ஆஸ்பத்திரியில் கிடப்பது தெரிந்தது. அங்கே போவதற்கு முன்னால், சங்கிலி வீசியவனைத் தேடிப் போனேன். டீக்கடையில் நின்று அதே வீடியோவைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். கடப்பாரையால் அவன் மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அறுபத்திரண்டு வயதில் இதைச் செய்ய எத்தனை பேருக்குத் தெம்பு இருக்கிறது?

மகனுக்கு விலா எலும்பு இரண்டு உடைந்திருந்தது, ஒரு காது கேட்கவில்லை, உதட்டில் தையல். அன்று முள்ளுக்குள் ஓடியவன் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து, பாதத்தில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை வேலைக்குப் போகிறவன். ஆட்டோவைக் கூட்டிவந்து என் மகனை அள்ளிப்போட்டது அவன்தான்.

"உன்னிய அடிச்சவன் கைய ஒடச்சிட்டுத்தான் வரேன்டா," என்றேன்.

"அவங்க அரை மணி நேரம் அடிச்சாங்க," என்றான் மகன். "நீங்க நான் சின்னப் புள்ளையா இருந்ததுலேர்ந்து பொழுதன்னிக்கும் அடிக்கிறீங்க. ஊரையே கூட்டி வச்சு, டிவில."

"சரி, வூட்டுக்கு வா. எதுவானாலும் அங்க பேசிக்கலாம்."

"ஒரு படம் போடுங்கப்பா. எங்கள மாதிரி ஒருத்தன் வேலைக்குப் போயிட்டு, சோறு தின்னுட்டு, அடி வாங்காம வூட்டுக்கு வர்ற மாதிரி ஒரே ஒரு படம். நம்ம சேனல்ல போடுங்க. அன்னிக்கு வரேன்."

"ஒண்ணென்னடா, பத்து போடுறேன்!"

என்னிடம் இல்லாத படமா என்ற திமிர். மூன்று நாள் எல்லா டிஸ்க்கையும் அலசினேன். அந்த மாதிரி ஆள் வருகிற படமெல்லாம் கிடைத்தது. ஒன்றில் அறை வாங்கினான். ஒன்றில் கொலைகாரன். ஒன்றில் விஷம் குடித்தான். நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்றவன் ஒருவனும் இல்லை. படம் கொடுக்கிற திருச்சிக்காரருக்குப் போன் போட்டேன். "சின்னச் சின்னப் படம் ஒண்ணு ரெண்டு இருக்குதாம்ணே, போன்ல பாக்குறதாம். டிவில யாரு போடுவா? வம்பு ஒனக்கு எதுக்குண்ணே?" என்று வைத்துவிட்டார்.

காமெடித் துண்டுகள் இருந்த டிஸ்க்கைத் தரையில் போட்டுச் சுத்தியலால் நொறுக்கினேன். பிறகு நானே கேமரா முன்னால் உட்கார்ந்தேன். "ஏரிக்கரையில அடி வாங்குனது எம்மவன். அத சிரிப்புன்னு ஒங்களுக்குக் காட்டுனது நான். அடிச்சதும் தப்பு, காட்டுனதும் தப்பு," என்று சொன்னேன்.

அன்று சாயங்காலமே மகனை அடித்தவர்கள் ஆள் சேர்த்து வந்து ஆபீஸ் கண்ணாடியை உடைத்தார்கள். வரிசையாகக் கம்பங்களில் கேபிளை வெட்டினார்கள். தடுக்கப் போன என் மண்டையில் கல் விழுந்தது. ஆறு தையல். இன்னும் இரண்டு பக்கமும் கேஸ் நடக்கிறது. வெட்டிய கேபிளை ஒட்டுப்போட நானே ஏணி தூக்கினேன், தலையில் கட்டோடு.

மகன் ரெட்டிபாளையத்தில் அந்தப் பையன் வீட்டுக்குப் போய்விட்டான். ஒரு வாரம் கழித்துப் போன் செய்தான்.

"பாத்தேம்ப்பா. தைரியமாத்தான் பேசுனீங்க."

"அப்ப கிளம்பி வா. அம்மா காத்துக்கிட்டு இருக்கா."

"அது நான் கேட்ட படம் இல்லப்பா. அதுலயும் நான் அடி வாங்குறவன்தான்."

அவன் சொன்னது சரி. கம்பம் ஏறத் தெரிந்த எனக்குக் கதை பண்ணத் தெரியாது. சினிமாவோ சீரியலோ எடுக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் படத்தை எடுங்கள். யார் வந்து கல் எறிந்தாலும் அதை ஓட்டிக் காட்டுவேன்.