அந்தோனியாருக்கு நேர்ந்த சேவல்

எட்டு வயதில் எனக்கு ஒரேயொரு எதிரிதான் இருந்தது. அது எங்கள் வீட்டுச் சேவல்.

சண்டை முடிந்து, அகதி முகாமிலிருந்து வெள்ளாங்குளத்துக்குத் திரும்பி வந்தபோது எங்கள் வளவில் நான்கு சுவர்களும் கிணறும்தான் மிச்சமாக நின்றன. கூரைக்குத் தறப்பாள் கிடைத்தது. பிறகு ஏதோ ஒரு நிறுவனத்தார் வந்து ஆறு கோழிக்குஞ்சுகளும் மரக்கறி விதைகளும் தந்துவிட்டுப் போனார்கள். இரண்டையும் ஒரே வாகனத்தில்தான் கொண்டு வந்தார்கள். இரண்டும் ஒரே வளவுக்குள் எப்படிக் குடித்தனம் நடத்தும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அப்பா ஷெல்லடியில் போய்விட்டார். அம்மாவும் அக்காவும்தான் கிணற்றடியைக் கொத்திக் கத்தரி, வெண்டி, பயிற்றை, கீரை எல்லாம் போட்டார்கள். எங்கள் சாப்பாடு அதிலிருந்துதான் வந்தது. கடலுக்குப் போகும் மாமா கொடுத்த கிழிந்த வலையைச் சுற்றிக் கட்டி வேலியாக்கினோம். பேட்டுக் கோழிகள் அதற்கு மேலால் பறக்காமல் இருக்க அம்மா அவற்றின் ஒரு பக்கச் செட்டையை மட்டும் கத்தரித்துவிடுவார். ஒன்றை வெட்டினால் போதும். பறக்க எழும்பிய கோழி சரிந்து விழுந்து, வெட்கப்பட்டதுபோல எழும்பிப் போகும்.

சேவலை மட்டும் அம்மா தொடவில்லை. குஞ்சாக இருந்தபோதே அதை அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்டிருந்தார். சண்டையின் கடைசி வருடத்தில் அண்ணனை இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவன் திரும்பி வந்தால் அவன் கையாலேயே சேவலைக் கோயிலில் கொடுப்பதாக நேர்த்தி. நேர்ந்த உயிரை ஊனமில்லாமல் கொடுக்க வேண்டும், அதன் ஒரு இறகிலும் கத்தரிக்கோல் படக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார்.

தன்னை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்பது அந்தச் சேவலுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வலைக்கு மேலால் பறந்து வந்து, விதானையார் அதிகாரத்தோடு காணி பார்க்க வந்த மாதிரி, பாத்தி பாத்தியாக நடக்கும். முளைத்த கீரையைக் கிளறி எறியும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தோட்டக் காவல் என் பொறுப்பு. ஆனால் கல்லெறியக்கூடாது, தடியால் அடிக்கக்கூடாது. சூ, சூ என்று கத்த மட்டும்தான் எனக்கு அனுமதி. ஒருநாள் அது கிளறிப்போட்ட கத்தரிக் கன்றுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஆத்திரத்தில் அழுதேன்.

பின்னேரச் செபத்தில் நானும் அண்ணனுக்காக மன்றாடினேன். என்னைச் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு போன அவனுடைய வியர்வை மணம் ஞாபகம் இருந்தது, முகம் சரியாக ஞாபகம் இல்லை. அண்ணன் வரவேண்டும், வந்தால்தான் சேவல் போகும். என் மன்றாட்டு அவ்வளவுதான்.

ஒருநாள் பின்னேரம் மெலிந்த மனிதர் ஒருவர் சைக்கிளில் வந்தார். அண்ணனின் பெயரைச் சொல்லி, அவனுடைய வீடு இதுதானா என்று கேட்டார். அம்மா உடனே என் பக்கம் திரும்பினார்.

"நீ போய்ப் பயிற்றைக்குத் தண்ணி ஊத்து."

தண்ணீர் ஊற்றிக்கொண்டே பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தபடி பேசினார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா கேட்ட ஒன்று மட்டும் எனக்குக் கேட்டது.

"என்ன உடுப்புப் போட்டிருந்தவன்?"

அவர் ஏதோ சொன்னார். அம்மா தலையாட்டினார். பிறகு தோட்டத்துக்குள் வந்து, இருந்த கத்தரிக்காய் எல்லாவற்றையும் பிடுங்கி ஒரு பையில் போட்டார். பிஞ்சுகளைக்கூட விடவில்லை.

"வேண்டாம் அம்மா," என்றார் அந்த மனிதர்.

"இவ்வளவு தூரம் வந்து வெறுங்கையோட போகாதேங்கோ தம்பி."

கடைசி நாட்களில் அவர் அண்ணனோடு ஒரே பதுங்குகுழியில் இருந்தவர். அண்ணனைத் தன் கையாலேயே புதைத்ததாகச் சொல்லியிருக்கிறார். நான் நன்றாக வளர்ந்த பிறகுதான் அக்கா இதை எனக்குச் சொன்னாள்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் சேவல் வலைக்கு மேலால் பறந்து கீரைக்குள் இறங்கியது. நான் சூ என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

"விடு," என்ற அம்மா உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு வந்தார். சேவலைப் பிடித்து மடியில் அமத்தி, செட்டையை விரித்து வெட்டினார். ஒரு பக்கம் முடிந்ததும் மற்றப் பக்கத்தையும் வெட்டினார். இறகுகள் பாத்தியெல்லாம் விழுந்தன. எனக்குச் சந்தோஷத்தில் நிற்க முடியவில்லை. ஆனாலும் பயமாகவும் இருந்தது.

"அம்மா, அந்தோனியார் கோவிப்பார் எல்லோ?"

"கோவிக்கட்டும்."

அன்று செபத்தில் அம்மா வாய் திறக்கவில்லை. அக்காதான் சொன்னாள். இடையிடையே அவளுடைய குரல் அடைத்தது. தடிமன் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். நான் பொறுக்கி வைத்த இறகுகளை மடியில் வைத்துக்கொண்டு அந்தோனியாருக்கு நன்றி சொன்னேன். நான் கேட்ட இரண்டில் எனக்கு முக்கியமானதை அவர் செய்து தந்துவிட்டார். அண்ணனை ஆறுதலாக அனுப்புங்கோ, இனி அவசரமில்லை என்று சொன்னேன்.