எட்டாவது பேரீச்சை

அந்தத் தோட்டத்தின் பழைய இரும்புக் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. முதலாளியின் தகப்பனார் காலத்தில் புதைத்தது, வரைபடம் இல்லை. புதுக் குழாய்க்குப் பள்ளம் தோண்ட ஒன்பது மணிக்கு ஜேசிபி வருகிறது. அதற்குள் பழையதைக் கண்டுபிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். அதற்காகத்தான் துபாயின் தேரா பகுதியில் உள்ள ஆபீசிலிருந்து என்னை ஒரு மெட்டல் டிடெக்டரோடு ராஸ் அல் கைமாவுக்கு அனுப்பியிருந்தார்கள்.

என் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சிவில் இன்ஜினியர். இதைச் சொல்லும்போது முதுகு தானாக நிமிரும். ஆனால் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று துபாயில் ஒருவரிடமும் சொன்னதில்லை. யாராவது கேட்டால் விவசாயம் என்பேன்.

ஜனவரி மாதம். விடிந்தும் மூடுபனி விலகவில்லை. பேரீச்சை மரங்கள் இடுப்புவரைதான் தெரிந்தன. அதற்கு மேல் வெள்ளை. எங்கோ பம்ப் ஓடும் சத்தம், பக்கத்தில் கேட்பது போலவும் தூரத்தில் கேட்பது போலவும் இருந்தது.

இராமநாதபுரத்துக்காரரான போர்மேன் ஃபிளாஸ்க்கோடு வந்தார். "மேடம், அந்த மிசின என் வாய்ப் பக்கம் கொண்டாந்துறாதீங்க. பல்லுல தங்கம் இருக்கு."

சிரித்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். இரும்புக் குழாய் இருந்தால் கருவி நீளமாக முனகும். சிறிய பொருள் என்றால் கீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கிணற்றோரப் பேரீச்சை வரிசைக்குப் போனதும் முதல் மரத்தடியில் கீச்சென்றது. மேற்குப் பக்கம், ஒரு சாண் ஆழம். கரண்டியால் மண்ணை விலக்கினேன். தட்டையான ஒரு கல், அதன் அடியில் ஒரு காசு.

ஒரு காலத்தில் இந்த ஊர்களிலும் நம் ரூபாய்தான் ஓடியது என்று எங்கோ படித்திருக்கிறேன். பழங்காசு என்று நினைத்துத் துடைத்தேன். புது ஒரு ரூபாய். சிங்க முகம் மேலே பார்த்தபடி இருந்தது. விளிம்பில் காய்ந்த மஞ்சள்.

முழங்கால் பக்கத்துப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். கருவி விடாமல் கீச்சிட்டது. நின்றால் நின்றது, நடந்தால் கூடவே வந்தது. கழுத்துப் பின்னால் மயிர் எழுந்துவிட்டது. பிறகுதான் புரிந்தது, என் பையில் இருக்கும் காசுக்குத்தான் அது கத்துகிறது. காசை எடுத்து உள்ளங்கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு மறுபடி நடந்தேன். இரண்டாவது மரத்தடியில் கீச். மூன்றாவதில் கீச். எல்லாம் மேற்குப் பக்கம், கருவியின் திரையில் ஆழமும் அதே ஒரு சாண்.

"மேஸ்திரி, இங்க வாங்க. மரத்துக்கு மரம் காசு இருக்கு."

போர்மேன் பனிக்குள்ளிருந்து வந்தார். என் கையைப் பார்த்ததும் ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தார்.

"என்ன மேடம் இப்பிடிப் பண்ணிட்டீங்க? இதப் போய்ப் பொறுக்குறதுக்கு நீங்க என்ன வெட்டியானா?"

அவருக்கு அது வெறும் பேச்சு. எனக்கு முகம் சுட்டது.

"நெத்திக்காசு மேடம். ஊர்ல யாராவது செத்தா நமக்கு லீவு கெடைக்காது. வீடியோவுல பாக்குறதுதான். அதான் ஆளுக்கொரு மரத்த அவுங்கன்னு வச்சுக்கிட்டு, நெத்தியில ஒட்டுற காச அடியில வச்சு மூடிருவோம். நீங்க எடுத்தது பம்ப்காரனோட ஆத்தா காசு."

பம்ப் சத்தம் நின்றது. நாற்பது வயது மதிக்கத்தக்க அரியலூர்க்காரர், ஈரக் கையோடு வந்து நின்றார். சத்தம் போடவில்லை. மரத்தடிக் குழியை மட்டும் பார்த்தார்.

"ஆகஸ்ட்ல போனாங்க மேடம். இதுதான் நான் செஞ்ச ஒரே காரியம்."

"மன்னிச்சிருங்கண்ணே. இந்தாங்க, திருப்பி வச்சிருங்க."

அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் தொடக் கூடாதுங்க. வச்ச காச வெட்டியான்தான் தொடலாம். இங்க அவருக்கு எங்க போறது?"

போர்மேனும் தலையாட்டினார். ஒன்பது மணிக்கு ஜேசிபி வந்தால், வரிசையின் மேற்கோரமாக வெட்டும் பள்ளம் இந்தக் காசுகளையெல்லாம் வாரிவிடும். அதற்கு முன்பே ஒரு தாய் என் உள்ளங்கையில் போக்கிடமில்லாமல் கிடந்தாள்.

"நான் வைக்கிறேன்."

"நீங்க படிச்சவுங்க மேடம். ஒங்களுக்கு இதெல்லாம் ஆகாது."

"ஆகும். எங்கப்பா வெட்டியான்."

துபாயில் நான்கு வருடம் வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன். போர்மேனின் கை தோள் துண்டுக்குப் போய், அப்படியே நின்றது. அவர் என்ன நினைத்தார் என்று எனக்கு இன்றும் தெரியாது. பம்ப்காரர் மட்டும் ஒரு அடி விலகி, குழிக்கு வழிவிட்டார்.

அப்பா காசை எப்படித் தொடுவார் என்று சிறுவயதில் பார்த்திருக்கிறேன். வலது கையின் மூன்று விரலால், தலைமாட்டில் நின்று, செத்தவரின் பெயரைச் சொல்லி. அந்தக் காசுகளில் வாங்கியதுதான் என் முதல் ஜாமெட்ரி பாக்ஸ். "அம்மா பேரு?" என்று கேட்டேன். பம்ப்காரர் சொன்னார். அதைச் சொல்லிக் காசை வைத்து, கல்லை மூடி, மண்ணைத் தள்ளினேன். அவர் மூன்று கை நீர் விட்டார். அப்போதுதான் அழுதார்.

பழைய குழாய் கிணற்றின் மறுபக்கம் நீளமாக முனகியது; அங்கே கோடு போட்டேன். புதுப் பள்ளத்தை நான்கு மீட்டர் கிழக்கே தள்ளிவிடலாம் என்று ஆபீசுக்குப் போன் செய்தேன். மேற்கே பாறை என்று பொய் சொன்னேன். வரிசையில் எத்தனை காசு என்று கணக்கெடுக்க, வெறுங்கையோடு, வெறும் பையோடு ஒருமுறை கருவியை ஓட்டினேன்.

"ஏழு மரம் மேடம்," என்றார் போர்மேன். "யார் யாருதுன்னு எனக்குத் தெரியும்."

ஏழு கீச். எட்டாவது மரத்தடியிலும் கீச். மேற்குப் பக்கம், ஒரு சாண்.

"இது யாரோடது?"

போர்மேன் பம்ப்காரரைப் பார்த்தார். பம்ப்காரர் அவரைப் பார்த்தார். "அதுல யாரும் வைக்கல மேடம். இந்த மரம் போன வருசம்தான நட்டது." போர்மேனின் குரல் மெலிந்துவிட்டது. "தோண்ட வேணாம்."

நான் தோண்டவில்லை. பழைய ஆணியாக இருக்கலாம். வாளிக் கைப்பிடியாக இருக்கலாம். இருந்தாலும் ஜேசிபி தொடக் கூடாத எல்லையாகச் சுண்ணாம்புக் கோட்டை அந்த மரத்தையும் சுற்றி வளைத்துப் போட்டேன்.

அப்பா போன வருடம்தான் இறந்தார். எனக்கு லீவு கிடைத்து ஊர் போய்ச் சேர நான்கு நாள் ஆனது; அதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. தோட்டத்திலிருந்து அன்று மத்தியானம் வண்டியில் திரும்பும்போது அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அப்பா நெத்திக்காச யாரும்மா எடுத்தது?"



"யாரு எடுப்பா? எடுக்குற ஆளே அவருதானடி. அந்தக் காசு அப்பிடியே அவரோட மண்ணுக்குள்ள போயிருச்சு."