இரண்டு தாய்மாமன்கள்

எங்கள் குடும்பத்தில் யார் ஹீரோ, யார் வில்லன் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் பேனரே வைத்துவிட்டார்கள். கூலிங் கிளாஸ் போட்டு என் தம்பி நிற்கிற படம், பின்னால் மலை, மேலே ‘அக்காவுக்கு உயிர் கொடுத்த உத்தமனே’ என்று கொட்டை எழுத்து. அவனோடு கிரிக்கெட் ஆடுகிற கூட்டாளிகளின் வேலை. ஓரத்தில் சின்ன வட்டத்துக்குள் என் படத்தையும் போட்டிருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்தால் நான் பிழைக்கவில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

எனக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போயிருந்தது. திருவண்ணாமலையை ஒட்டி வேங்கிக்காலில் அப்போதுதான் வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. வீடு கட்டிய அலைச்சல் என்று நானே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் டயாலிசிஸில் கொண்டுபோய் விட்டது. வேறு கிட்னி வைத்தால் நல்லது, கூடப்பிறந்தவர்கள் யாராவது கொடுத்தால் இன்னும் நல்லது என்றார் டாக்டர். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, அவரால் கொடுக்க முடியாது. மிச்சம் இருந்தது அண்ணனும் தம்பியும்தான். இரண்டு பேர் ரத்தமும் என் ரத்தத்தோடு சேர்ந்தது.

மூத்தவர் என்பதால் முதலில் அண்ணனைக் கேட்டார்கள். ஊரில், எங்கள் அம்மா வீட்டில், சொந்தக்காரர்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். அண்ணன் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

“எனக்குப் பயமா இருக்குதும்மா. என்னால முடியாது.”

அவ்வளவுதான். நிலத்தைக் காரணம் காட்டவில்லை, பிள்ளைகளைக் காரணம் காட்டவில்லை. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “நீயெல்லாம் ஆம்பளையாடா?” என்று எழுந்துவிட்டார். பெண்டாட்டி பேச்சைக் கேட்டு ஆடுகிறான் என்று மற்றவர்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். பாவம் அண்ணி, அவள் வாயையே திறக்கவில்லை. சாவு என் வீட்டு வாசலில் நிற்கிறது, இவருக்குப் பயமாம்.

அப்புறம் எல்லார் கண்ணும் தம்பி பக்கம் திரும்பியது. “நான் தரேன்க்கா” என்றான். பெரியம்மா அழுதுகொண்டே அவனுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

ஆபரேஷனுக்கு எல்லாம் கூடி வருவதற்குள் மாசக்கணக்கில் இழுத்தது. அதுவரை திருவண்ணாமலையில் டயாலிசிஸ். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்காத நாளெல்லாம் அண்ணன்தான் ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து, என்னை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போவார். யாரும் வரச் சொல்லவில்லை. “இதுக்கு மட்டும் வந்துட்டியா?” என்று மூஞ்சியில் அடித்தமாதிரி கேட்டேன். என் பையை எடுத்துக்கொண்டார். எனக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுப்பார்கள், நாக்கு ஒட்டிக்கொள்ளும். வெளியே வெயில் கொளுத்தும்போதும் அண்ணன் என் எதிரில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. அதைக் கவனித்தேன். கவனித்ததால் கோபம் குறைந்துவிடவில்லை, ஜாஸ்திதான் ஆனது. தண்ணீரை விட்டுக்கொடுக்கத் தெரிந்தவருக்குக் கிட்னியைக் கொடுக்கத் தெரியவில்லையே!

சென்னையில் ஆபரேஷன் நடந்த அன்று அண்ணன் ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வந்து, உள்ளே வராமலே திரும்பிப் போய்விட்டாராம். அண்ணிதான் பிறகு சொன்னாள். அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

நான் பிழைத்தேன். தம்பி ஊருக்குப் பெரிய மனிதன் ஆனான். கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் அவனுக்கு முன் வரிசை நாற்காலி. என் சாம்பாரில் உப்பு எவ்வளவு என்பதிலிருந்து என் மகள் எந்தக் காலேஜ் என்பது வரை அவன் சொன்னதுதான். நான் தலையாட்டினேன். ஆட்டாமல் என்ன செய்வது? அவன் உடம்பில் இருந்தது அல்லவா என் வயிற்றில் ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணனுக்குக் கடைசி வரிசை. அவர் பக்கத்து நாற்காலி பெரும்பாலும் காலியாகவே இருக்கும். தம்பி அவரை ‘அவன்’ என்று சொல்ல ஆரம்பித்திருந்தான்.

இந்த வருஷம் மகளுக்குக் கல்யாணம் கூடியது. எங்கள் பக்கத்தில் தாலி ஏறுவதற்கு முன்னால் தாய்மாமன் வந்து பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டவேண்டும். மெல்லிசான தங்கத் தகடு, இரண்டு பக்கமும் நூல். அதைத் தலைக்குப் பின்னால் முடிய வேண்டும். மூத்த மாமன்தான் கட்டவேண்டும், இளையவன் பக்கத்தில் நிற்பான். அந்த முறையை யாரும் மாற்றுவதில்லை.

தம்பி வேங்கிக்காலுக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசப்படியிலேயே நின்றான்.

“பட்டம் நான்தான்க்கா கட்டுவேன். அவன் மேடை ஏறினான்னா நான் மண்டபத்துக்கே வரமாட்டேன்.”

“ரெண்டு மாமாவும் வேணும்” என்று மகள் உள்ளே அழுதுகொண்டிருந்தாள். அவள் கல்யாணத்தில் இரண்டு பேரில் ஒருவர் இல்லாமல் போகப்போகிறார், அது யார் என்று என்னைச் சொல்லச் சொல்கிறான் இவன். இத்தனை வருஷம் தலையாட்டினவளுக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ.

“உன் கிட்னிய வேணும்னா திருப்பிக் கேளுடா. அறுத்துக் குடுத்துடறேன். முறையக் கேக்காத!”

சொன்ன பிறகுதான் எனக்கே பகீரென்றது. தம்பி பொத்தென்று படியில் உட்கார்ந்துவிட்டான். கத்துவான் என்று பார்த்தேன், கத்தவில்லை.

“அன்னிக்கு அவன் ஒரே வார்த்தையில தப்பிச்சிட்டான்க்கா. அப்புறம் எல்லாரும் என்னையே பாத்தீங்க. நீயும் பாத்த. எப்படி முடியாதுன்னு சொல்லுவேன்? எனக்கு மட்டும் பயம் இல்லையா? ஆஸ்பத்திரி பாத்ரூம்ல கதவ சாத்திக்கினு அழுதேன். வந்தா பேனர் வெச்சிருக்கானுங்க. அதுக்கப்புறம் பயந்துட்டேன்னு யார்கிட்ட போயி சொல்றது?”

அவன் கொடுத்தது சின்னதாகிவிடவில்லை. பயந்துகொண்டே போய்ப் படுத்திருக்கிறான் என்று தெரிந்த பிறகு இன்னும் கனத்தது. அண்ணனை முழுசாக மன்னித்துவிட்டேனா என்றால் அதுவும் இல்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஹீரோவும் வில்லனும் என்று நாங்கள் பிரித்து வைத்திருந்த இரண்டு பேருக்குள்ளும் இருந்தது ஒரே பயம்தான். ஒருவர் வாய்விட்டுச் சொன்னார், இன்னொருவன் விழுங்கிவிட்டான்.

“கட்டறது அண்ணன்தான்டா. நீயும் வந்து நில்லு” என்றேன். காபிகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

மண்டபம் கிரிவலப் பாதையில். தம்பி வரமாட்டான் என்றே நினைத்திருந்தேன். வந்தான். மேடைக்கு வராமல் கடைசி வரிசைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அண்ணன் மேடை ஏறியதும் முன் வரிசையில் முணுமுணுப்பு. “கூச்ச நாச்சம் இருக்குதா பாரு” என்று பெரியம்மா எனக்குக் கேட்கிறமாதிரியே சொன்னாள்.

ஐயர் பட்டத்தை எடுத்துக் கொடுத்தார். அண்ணன் அதை என் மகளின் நெற்றியில் வைத்தார். பின்னால் நூலை முடியப் போனால் பூவில் வழுக்குகிறது. மறுபடி பிடித்தார், மறுபடி வழுக்கியது. கை வெடவெடவென்று ஆடியது. மேளக்காரர்கள் எங்களையே பார்த்தார்கள். முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது. யாரோ சிரித்தார்கள். அண்ணன் நிமிர்ந்து கூட்டத்தைத் துழாவினார்.

“டேய்!” என்று மண்டபம் முழுக்கக் கேட்கக் கூப்பிட்டார். “எனக்குப் பயமா இருக்குதுடா. கை நிக்க மாட்டேங்குது. நீ வந்து முடிச்சுப் போடுடா.”

என் கை தானாக அடிவயிற்றில், அவன் கிட்னி இருக்கிற இடத்தில் போய் அழுத்திக்கொண்டது. தம்பி அசையவில்லை. அப்புறம் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வந்தான். அண்ணன் தகட்டை மகள் நெற்றியில் அழுத்திப் பிடித்துக்கொள்ள, தம்பி பின்னால் நின்று நூலை வாங்கினான். நான் அவனை ஒட்டி நின்றிருந்தேன். அவன் விரல்களும் அப்படியேதான் நடுங்கின.

“எனக்கும்தாண்ணா” என்றான், மெதுவாக.