வீட்டில் எத்தனை பேர்?

சென்னையில் வீடு தேடிப் போனால் எடுத்த எடுப்பில் வாடகையைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். எங்கள் புரோக்கர் கேட்டது வேறு. தேனாம்பேட்டையில் என் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் நின்றுகொண்டு, "எத்தினி பேரு மேடம்?" என்றார். நான், என் கணவர், என் அம்மா, மூன்று பேர் என்றேன். அம்மாவுக்கு என்ன வயது என்றார். எழுபத்தாறு. "ஒடம்பு நல்லா கீதா?" என்றார். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, செவ்வாய் வியாழன் சனி டயாலிசிஸ், அடையாறில் ஏற்பாடு செய்திருக்கிறோம் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டார். "இன்னா மேடம், பச்சப்புள்ள கணக்கா எல்லாத்தையும் சொல்லிக்கினு இருக்கீங்க! ரெண்டு பேருன்னு சொல்லுங்க. குடி வந்தப்புறம் யாரு தலைய எண்ணிக்கினு இருக்கப் போறா?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவர்தான் விளக்கினார். வாடகை வீட்டில் ஓர் உயிர் போய்விட்டால் அடுத்து யாரும் குடிவர மாட்டார்கள். அதுவும் ஆகாத நட்சத்திரத்தில் போய்விட்டால் வீட்டையே மாதக்கணக்கில் பூட்டிப் போட வேண்டும். அதனால் வயதானவர்கள் என்றாலே ஓனர்களுக்கு அடிவயிறு கலங்குகிறது. எனக்குச் சுர்ரென்று வந்தது. என் அம்மா சாவதற்காகவா ஊரை விட்டுக் கிளம்பி வந்திருக்கிறாள் என்று கேட்டேன். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பாவம், என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

திருநெல்வேலியிலிருந்து எனக்கு மாற்றல் வந்தபோது யோசிக்கவே நேரமில்லை. அம்மாவுக்கு நான் ஒரே பெண். அலுவலக விருந்தினர் அறை ஒரு மாதத்துக்குத்தான். அதற்குள் வீடு கிடைக்காவிட்டால் அம்மாவை ஊருக்கே அனுப்பி, சம்பளத்துக்கு ஓர் ஆளை வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டியதுதான். நான் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மாவே சொல்லிவிட்டாள். "என்னை ரயில்ல ஏத்தி விட்டுரு. உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி." எனக்கு ஒரு நிம்மதியும் இல்லை. அந்த அறையில் மூன்று பேரும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு கிடந்தோம். அலுவலகத்தில் கோப்பைத் திறந்தால் கை தானாக ஃபோனை எடுத்து 'வீடு வாடகைக்கு' என்று தேடும்.

தி.நகரில் ஒரு வீடு பார்த்தோம். ஓனர் துணிக்கடைக்காரர், எங்கள் பக்கத்து ஆள். நான் இரண்டு வார்த்தை பேசியதுமே, "எம்மா, நம்ம ஊர்க்காரவுகளா! முதல்லயே சொல்லியிருக்கப்படாதா?" என்று முகமெல்லாம் சிரிப்பு. மோர் வந்தது, முறுக்கு வந்தது. ஊர்ப்பாசத்தில் நான் உருகிப்போய் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மனைவியைப் பார்த்தது. "தப்பா எடுத்துக்கிடாதிய தாயி. ஆஸ்பத்திரி பக்கத்துலயே பாத்தா உங்களுக்குத்தான் வசதி" என்றார். பாதி முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தேன்.

மேற்கு மாம்பலத்தில் கிடைத்தது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நங்கநல்லூரில் நல்ல வெளிச்சமான வீடு, எங்களால் கொடுக்க முடிகிற வாடகை. ஆனால் டயாலிசிஸ் முடிந்து வெளியே வரும் அம்மாவுக்குக் கண்ணைத் திறக்கவே தெம்பிருக்காது. அந்த நிலையில் அத்தனை சிக்னலையும் தாண்டி அவளை அவ்வளவு தூரம் கூட்டிப்போவதை நினைத்தே வேண்டாமென்று விட்டேன். அடையாறிலேயே பார்க்கலாம் என்றால் வாடகையைக் கேட்டுவிட்டு என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டார். அவர் பேசாதவர். செருப்பை மாட்டினால் முடிந்தது என்று அர்த்தம்.

நான்காவது வாரம் புரோக்கர் மயிலாப்பூருக்குக் கூட்டிப்போனார். மெட்ரோவுக்காக அடைத்திருந்த தகரத் தடுப்புகளைச் சுற்றிச் சுற்றி ஒரு வழியாக அந்தச் சந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தரைத்தளம். இரண்டு அறை. பாத்ரூமில் வழுக்காத தரை. அடையாறு பக்கம்தான். முன் போர்ஷனில் ஓனர் மாமி தனியாக இருந்தார். எண்பதைத் தாண்டியவர். கைத்தடியை ஊன்றிக்கொண்டு எங்களோடு ஒவ்வோர் அறையாக வந்தார். வந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டு அவரும் அதையே கேட்டார்.

"எத்தனை பேர் இருக்கப் போறேள்? பெரியவா யாரும் இல்லையே?"

அடக் கடவுளே, என் அம்மாவை விட மூத்தவர் கேட்கிறாரே என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. புரோக்கர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்க ரெண்டு பேருதான் மாமி" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது. அட்வான்ஸ் கொடுத்துச் சாவி கைக்கு வந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. சந்து முனையில் பூக்காரம்மாவிடம் இரண்டு முழம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. சுற்றி வளைத்து, "பால் காய்ச்சுற அன்னைக்கு அந்த மாமி கேட்டா, சும்மா பாக்க வந்தேன்னு சொல்லும்மா. கொஞ்ச நாள் போனா பழகிரும்" என்றேன். என் அம்மா எதற்கும் லேசில் தலையாட்டுகிற ஆள் இல்லை. கத்தரிக்காய் நறுக்குவதற்குக்கூட என்னோடு மல்லுக்கு நிற்பாள். அன்று, "சரிட்டி" என்றாள். அந்த ஒரு வார்த்தையோடு முடித்துக்கொண்டாள். சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை. என் கணவர் அடுப்பைப் பொருத்திக்கொண்டிருந்தார். நான் பாத்திரத்தில் பாலை ஊற்றினேன். மாமி ஒரு தட்டில் வெற்றிலை பாக்கோடு வந்தார். அம்மா முந்தானையை இழுத்து இடது கையை மணிக்கட்டு வரை மூடியிருந்தாள். அந்தக் கையில்தான் டயாலிசிஸுக்காக இரண்டு ரத்தக்குழாய்களை ஒன்றாக இணைத்திருக்கிறார்கள். தொட்டால் உள்ளே கிர்ரென்று அதிரும். ஊரில் அம்மா அதைப் பெருமையாகக் காட்டுவாள். பால்காரர், தபால்காரர், ஆட்டோக்காரர், யார் வந்தாலும், "தொட்டுப் பாரும், மோட்டார் ஓடுது" என்பாள். அந்தக் கையை அன்று திருட்டுப்பொருளை மறைக்கிற மாதிரி மறைத்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க எத்தனை நாள் இருப்பேள்?" என்று மாமி கேட்டார்.

"இருக்கவா? பால் காய்ச்சினதும் கெளம்பிருவேன். மக வீடுன்னாலும் நமக்கு நம்ம வீடு மாதிரி வருமா?" என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டே சொன்னாள். ஒரு பிசிறு இல்லை. மாமியும் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பால் சூடேறிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு வெகு நேரம் நிற்க முடியாது, கால் வீங்கிவிடும். சுவர் ஓரமாக ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தோம். அவளுக்காகத்தான் வாங்கியது. அவள் அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "இங்கன கொஞ்சம் உக்காரலாமா?" என்று கேட்டாள்.

நடிப்புக்காகக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், அவள் முகம் எனக்குத் தெரியாதா? உட்காரலாமா கூடாதா என்று நிஜமாகவே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என்னைப் பெற்று வளர்த்தவள், நான் பிடித்த வீட்டில், ஒரு நாற்காலிக்கு என்னிடம் உத்தரவு கேட்கிறாள். சே, என்ன பிழைப்பு இது என்று தோன்றியது.

"மாமி, இவங்க ஊருக்குப் போகப் போறதில்ல" என்றேன். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. "இவங்களும் இங்கதான் இருப்பாங்க. டயாலிசிஸ் பண்றோம். நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். இந்த வீட்டுலயே அவங்க உயிர் போனாலும் போகலாம். எனக்குத் தெரியாது." பின்னால் பால் பொங்கி வழிந்தது. என் கணவர் அடுப்பை அணைத்தார்.

மாமி கோபப்படுவார் என்று காத்திருந்தேன். திருப்பிச் சண்டை போடத் தயாராகத்தான் நின்றேன். அவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்துவிட்டார்.

"போன தையில இந்த போர்ஷன்ல ஒரு பெரியவர் போனார். ஒரு வாரம் இழுத்துண்டு கெடந்தார். செவுத்துக்கு அந்தப் பக்கம் நான் ஒருத்தியா படுத்துண்டு அந்த மூச்சையே கேட்டுண்டு இருந்தேன். நாள், நட்சத்திரம் எல்லாம் எனக்கு ஒண்ணுமில்லைடிம்மா. இன்னொரு தரம் அதைக் கேக்க எனக்கு தைரியம் இல்லை." அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். "தப்பா நெனச்சுக்காதீங்கோ."

"ஐயோ, இதுல என்ன இருக்கு" என்றாள் அம்மா. மாமி எழுந்திருக்க அவள்தான் கை கொடுத்தாள், இடது கையை. முந்தானை விலகியிருந்தது. மாமி அந்தக் கையைப் பிடித்தபோது அந்த அதிர்வு தெரிந்திருக்கும், ஒரு நொடி அப்படியே நின்றார். பிறகு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க உள்ளே போனார். அவர்மேல் கோபப்பட எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. இத்தனை வாரமாக எல்லோர்மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தவள், சாவியை அவர் கையில் மெதுவாக வைத்தேன்.

என் கணவர் அடுப்பையும் நாற்காலியையும் வண்டியில் கட்டிக்கொண்டு முன்னால் போனார். நானும் அம்மாவும் ஆட்டோவில் ஏறினோம். மந்தைவெளி தாண்டியதும் அம்மா ஆரம்பித்தாள்.

"கோட்டிக்காரி! கெடச்ச வீட்ட இப்படிக் கெடுத்துட்டு வாரியே. நாந்தான் நல்லா சமாளிச்சுக்கிட்டு இருந்தேம்லா? உனக்கு என்ன கேடு வந்துச்சு?"

"நீ உக்காரலாமான்னு கேட்டியேம்மா" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார்.

அம்மா என்னைச் சமாதானப்படுத்தவில்லை. தலை கலைந்திருக்கிறது என்று முடியை ஒதுக்கிவிட்டாள், அதுவும் முரட்டுத்தனமாக. சிக்னலில் வண்டி நின்றது. விருந்தினர் அறையைக் காலி செய்ய இன்னும் ஐந்து நாள் இருந்தது.

"ஞாயித்துக்கெழம வீடு பாக்கப் போவேல்லா? நானும் வாரேன்" என்றாள்.

"மாடியா இருந்தா உன்னால ஏற முடியாதும்மா."

"ஏறல. கீழயே நிக்கேன். வேண்டாம்னு சொல்லுதவன் எறங்கி வந்து, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்."